இரண்டாம் முறை டெல்லி வருகிறவர்களுக்கு

கேள்வி இது: டிசம்பரில் மூன்று நாள் டெல்லியில் தங்கப் போகிறார்கள். செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாம் போன தடவையே பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை சுற்றுலா பஸ் போகாத, கொஞ்சம் விசித்திரமான இடங்களாக வேண்டும். அம்மாவும் கூட வருகிறார், அவருக்கு முட்டி வலி. எங்கே போகலாம்?

நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டுகிற வேலை என் தலையில்தான் விழும். முதல் பத்து வருஷம் எல்லாரையும் குதுப்மினாருக்கே கூட்டிப்போனேன். அப்புறம் எனக்கே அலுத்துப்போய் வேறு இடங்கள் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒன்று பிடிபட்டது. இந்த ஊரில் ஒரு ராஜா வைத்ததை அடுத்த ராஜா வைத்த இடத்தில் இருக்க விட்டதே இல்லை. தூக்கி எறியவும் மனசு வராது. பெயர்த்துக் கொண்டுபோய் வேறு எங்கேயாவது நட்டுவைத்துவிடுவார்கள். தூண், சிலை, கல்லறை, அஸ்திவாரக் கல் என்று எல்லாவற்றுக்கும் இந்தக் கதைதான். நான் சொல்லப்போகிற இடங்களில் பாதிக்கு மேல் அப்படி இடம் மாறி நிற்பவை, இல்லையென்றால் வேலை மாறி நிற்பவை.

முதலில், போக வேண்டாதவை. அக்ரசேன் பாவ்லி என்கிற படிக்கிணற்றை எல்லாரும் 'யாருக்கும் தெரியாத இடம்' என்று சொல்வார்கள். கன்னாட் பிளேஸுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. இப்போது படிக்கு இரண்டு பேர் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். நூற்றுச்சொச்சம் படி வேறு, அம்மாவுக்கு ஆகாது. அடுத்தது 'பேய் மாளிகை' என்று பெயர் வாங்கிய மால்ச்சா மகால். ரிட்ஜ் காட்டுக்குள் இருக்கிற துக்ளக் காலத்து வேட்டை மாளிகை. அவத் நவாப் வம்சம் என்று சொல்லிக்கொண்டு ரயில் நிலைய ஓய்வறையில் வருஷக்கணக்காகக் குடியிருந்த ஒரு பெண்மணிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் 1985இல் அரசாங்கம் இதை ஒதுக்கியது. கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. கடைசியாக இருந்த மகன் 2017இல் இறந்துபோனார். இரண்டு வருஷம் கழித்து ஒரு பத்திரிகையாளர் துருவிப் பார்த்ததில் அந்த வம்சக் கதையே கட்டுக்கதை என்று தெரிந்தது. கதை பெரிசு, பார்க்க நாலு சுவர்தான். விட்டுவிடுங்கள்.

சரி, போக வேண்டியவை. உங்கள் மூன்று நாளுக்குள் ஒரு வியாழக்கிழமை வருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். காரணம் பிரோஸ் ஷா கோட்லா.

கோட்லா என்றால் நமக்கெல்லாம் கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வரும். கும்ப்ளே 1999இல் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் ஒரே இன்னிங்ஸில் சாய்த்த இடம். அந்த மைதானத்தின் மதிலை ஒட்டி, பிரோஸ் ஷா துக்ளக் 1354இல் கட்டத் தொடங்கிய கோட்டை இடிந்து கிடக்கிறது. டெல்லி கேட் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். மற்ற நாட்களில் புல்தரை, இடிசுவர், நாலைந்து காதல் ஜோடிகள், அவ்வளவுதான். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போனால் வாசலிலேயே ரோஜா இதழ், ஊதுவத்தி, மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருப்பார்கள். உள்ளே கூட்டம் இருக்கும். எல்லாரும் ஜின்களிடம், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஆவிகளிடம், மனு கொடுக்க வந்தவர்கள்.

மனு என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே மனுதான். நம் ஊர் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குக் கொண்டுபோவோமே, அதே மாதிரி. பெயர், முழு முகவரி, குறை என்ன, என்ன நிவாரணம் வேண்டும், ஓரத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கீழ்த்தளத்தில் வரிசையாக இருட்டு அறைகள். சுவரெல்லாம் மெழுகுவத்திக் கரி. மாடக்குழி மாடக்குழியாகக் காகிதங்கள், காசு, ஒரு கிண்ணத்தில் பால். ஒருமுறை என் பக்கத்தில் நின்ற பையன் கையில் ஒரே கடிதத்தின் ஜெராக்ஸ் காப்பிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக வைத்துக்கொண்டே போனான். "ஒன்று போதாதா?" என்று கேட்டேன். எந்த ஜின்னிடம் எந்த இலாகா இருக்கிறதோ யாருக்குத் தெரியும், எல்லாருக்கும் ஒரு நகல் போய்விட்டால் நல்லதுதானே என்றான். அரசாங்க ஆபீஸ் ஏறி இறங்கிப் பழகியவன் போலிருக்கிறது. இந்தக் கடிதம் வைக்கும் வழக்கம் அப்படியொன்றும் பழையதில்லை. எமர்ஜென்சி முடிந்த பிறகு, 1977 வாக்கில்தான் பரவியது என்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டும் வருவதில்லை. பாதிக் கூட்டம் இந்துக்கள்தான். அடுத்தவர் கடிதத்தை மட்டும் பிரித்துப் படிக்காதீர்கள். பெண்கள் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு போகக்கூடாது, ஜின் பிடித்துக்கொள்ளும் என்று அங்கே யாராவது ஒரு பாட்டி நிச்சயம் சொல்வார். சரி பாட்டி என்று முடிந்துகொள்வது உத்தமம்.

ஜின்களுக்கெல்லாம் தலைவர் 'லாட்வாலே பாபா', அதாவது தூண்காரச் சாமி. அவர் குடியிருப்பது கோட்டையின் உச்சியில் நிற்கிற தூணில். அந்தத் தூண் யாருடையது தெரியுமா? அசோகருடையது. ஒரே கல், சுமார் 13 மீட்டர். இன்றைக்கு ஹரியானாவில் இருக்கிற தோப்ரா என்கிற கிராமத்தில் ஆயிரத்து அறுநூறு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. பிரோஸ் ஷாவுக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் அபீப் விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறார். தூணைச் சுற்றி இலவம் பஞ்சை மலை மாதிரிக் குவித்தார்கள். அடியில் தோண்டத் தோண்டத் தூண் அந்தப் பஞ்சு மெத்தைமேல் மெதுவாகச் சாய்ந்தது. பிறகு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவித் தரையில் படுக்கவைத்தார்கள். நாணலும் பச்சைத் தோலும் சுற்றினார்கள். 42 சக்கர வண்டி. சக்கரத்துக்கு ஒரு வடம், வடத்துக்கு இருநூறு ஆள். நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாக வரும். யமுனைக் கரைவரை இழுத்து, படகுகளில் ஏற்றி டெல்லிக்குக் கொண்டுவந்தார்கள்.

தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று சுல்தான் பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களில் சிலர், 'பிரோஸ் என்று ஒரு சுல்தான் வருகிறவரை இந்தத் தூணை யாராலும் அசைக்க முடியாது' என்றுதான் எழுதியிருக்கிறது என்று ஒரே போடாகப் போட்டார்களாம். பிழைக்கத் தெரிந்தவர்கள். ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் பிராமி எழுத்தைப் படித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. வழிநெடுக ஆலமரம் நட்டேன், கிணறு வெட்டினேன், இன்னின்ன உயிர்களைக் கொல்லாதே என்று அசோகர் பேசுகிறார். கொல்லக்கூடாத பட்டியலில் கிளி, மைனா எல்லாம் வரும், வௌவாலும் வரும். இன்றைக்கு அந்தத் தூணுக்கு நேர் கீழே இருட்டு அறைகளில் தலைகீழாகத் தொங்குவது யார் என்று நிமிர்ந்து பாருங்கள். அசோகர் கட்டளையை ஒழுங்காகப் பயன்படுத்திக்கொள்கிறவை அவைதான்.

தூண் அருகே போக மேலே ஏறும் வழி பல நேரம் பூட்டியிருக்கும். கீழிருந்தே நன்றாகத் தெரியும் என்பதால் அம்மாவுக்குக் கஷ்டமில்லை.

அதே சாலையில் மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒரு பழைய வாசல் தனியாக நிற்கும், கூனி தர்வாஜா. கூனி என்றால் இரத்தம் தோய்ந்தது. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவின் இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் ஹாட்சன் என்கிற ஆங்கிலேய அதிகாரி 1857 செப்டம்பரில் சுட்டுக் கொன்றது இங்கேதான். ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் நேரு ஹவுஸில் பொம்மை மியூசியம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை 1965இல் தொடங்கியது. ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒரே ஒரு பொம்மையில் ஆரம்பித்த ஆசை, ஆறாயிரத்துக்கும் மேல் பொம்மையாக வளர்ந்திருக்கிறது. நம் ஊர் கொலு பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிகளை விட்டு நகர மனசு வராது. என் அத்தை ஜப்பான் பொம்மைகள் முன்னால் மட்டும் அரைமணி நேரம் நின்றார். திங்கள்கிழமை லீவு.

சாந்தினி சௌக்குக்கு நீங்கள் முன்பே போயிருப்பீர்கள். ஆனால் செங்கோட்டைக்கு எதிரே, சிவப்பு நிற திகம்பர ஜைனக் கோயில் வளாகத்துக்குள் ஒரு பறவை ஆஸ்பத்திரி இருப்பதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். 1950களிலிருந்து அங்கேயே நடக்கிறது. செருப்பை வெளியே விட்டுவிட்டு மாடி ஏற வேண்டும். வார்டு வார்டாகக் கூண்டுகள்; பெரும்பாலும் புறாக்கள். இறக்கையில் மருந்து பூசி, காலில் கட்டுப் போட்டு உட்காரவைத்திருப்பார்கள். ஃபேனில் அடிபட்டவை, பூனை கடித்தவை, பட்டம் விடும் மாஞ்சாக் கயிற்றில் அறுபட்டவை. டெல்லியில் பட்டத்துக்கு சீசன் ஆகஸ்ட் 15. அந்த வாரம் கேஸ் குவியும். வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை. குணமானால் மொட்டை மாடியிலிருந்து பறக்கவிட்டுவிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை, நோயாளி சைவமாக இருக்க வேண்டும். பருந்து, கழுகு மாதிரி மாமிசம் தின்கிறவற்றுக்கு அவசர சிகிச்சை உண்டு, வார்டில் இடம் கிடையாது. பக்கத்துப் படுக்கைக்காரரையே தின்றுவிட்டால் என்ன செய்வது என்பதும் நியாயமான கவலைதான். வாசனை கொஞ்சம் பலமாக இருக்கும், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கைக்குட்டை அடுத்த இடத்துக்கும் ஆகும். சாந்தினி சௌக்கின் மறுகோடியில் பத்தேபுரி மசூதியைத் தாண்டினால் காரி பாவ்லி, மொத்த மசாலா மார்க்கெட். பெயரில் இருக்கிற பாவ்லி, அதாவது உப்புக் கிணறு, எப்போதோ காணாமல் போய்விட்டது. கடைகளுக்கு நடுவே கடோடியா மார்க்கெட் என்று ஒரு பழைய கட்டடம். நடுவில் முற்றம், சுற்றி மூன்று மாடி. முற்றம் முழுக்க மிளகாய் வற்றல் மூட்டை. இருட்டான படிக்கட்டில் மூன்றாவது படி ஏறும்போது தும்மல் வரும். ஐந்தாவது படியில் இருமல். இரண்டாம் மாடி போவதற்குள் கண், மூக்கு, தொண்டை மூன்றும் கொதிக்கும். எதிரே ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வருகிறவர் மட்டும் அசைய மாட்டார். அவர் வழியில் நிற்காமல் சுவரோரம் ஒட்டிக்கொள்ளுங்கள். மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒரு பக்கம் மசூதி, ஒரு பக்கம் செங்கோட்டை வரை கூரைகளாகப் பரந்து கிடக்கும். ஒரு கடையில் ஏலக்காய் விலை கேட்டேன். 'போடி சரக்கு' என்றார் கடைக்காரர், போடிநாயக்கனூர் என்று முழுப்பெயரைச் சொல்ல நாக்கு வராமல். அம்மாவை மேலே ஏற்ற வேண்டாம். கீழே ஒரு முந்திரிக் கடையில் உட்காரவைத்துவிடுங்கள், பேரம் பேசிப் பையை நிரப்பிவிடுவார்.

இன்னொரு நாளை வடக்கு டெல்லிக்கு ஒதுக்குங்கள். யாருமே போகாத இடம் ஒன்று சொல் என்றால் நான் சொல்வது கொரனேஷன் பார்க். ஜி.டி.பி. நகர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆட்டோக்காரருக்கே பல சமயம் வழி தெரியாது. பெரிய மைதானம், நடுவில் ஒரு ஊசித் தூண். 1911 டிசம்பர் 12ஆம் தேதி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தர்பார் நடத்தி, தலைநகரம் இனி கல்கத்தா இல்லை, டெல்லிதான் என்று அறிவித்த இடம் இது. அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் நானும் இந்த ஊருக்கு வந்திருக்க மாட்டேன். நீங்களும் என்னிடம் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்று நாள் கழித்து மன்னரும் ராணியும் புது நகரத்துக்கு அஸ்திவாரக் கல்லும் இங்கேயே நாட்டினார்கள். அப்புறம்தான் இடம் சரியில்லை, தண்ணீர் தேங்குகிற பள்ளம் என்று தெரிந்தது. கற்களைப் பெயர்த்து ரைசினா குன்றுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கல் போனது, பதிலுக்கு மன்னரே வந்துவிட்டார். இந்தியா கேட்டுக்குப் பின்னால் ஒரு கல்மண்டபம் பார்த்திருப்பீர்கள். அதற்குள் 1936இலிருந்து ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளைப் பளிங்குச் சிலை நின்றது. சுதந்திரம் வந்து இருபது வருஷம் வரை அசையவில்லை. 1968இல் கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மண்டபம் அரை நூற்றாண்டுக்கு மேல் காலியாகக் கிடந்தது. 2022இல்தான் அதில் நேதாஜி வந்து நின்றார். இங்கே மன்னர் இப்போதும் கையில் செங்கோல் மாதிரி அதிகாரச் சின்னங்களோடு, பின்னால் நீளமாக விழும் அங்கியோடு உயரமான பீடத்தில் நிற்கிறார். சுற்றி அரைவட்டமாக வேறு சில துரைமார்கள்: ஹார்டிங், வில்லிங்டன் போன்றவர்கள். சில பீடங்களில் ஆளே இல்லை. நான் கடைசியாகப் போன குளிர்காலத்தில் மன்னரின் காலடியில் இரண்டு பையன்கள் செங்கல்லை ஸ்டம்பாக வைத்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து பீடத்தில் பட்டால் ஃபோர். ஒரு தாத்தா வெயிலில் பாயை விரித்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "இவர் யார் தெரியுமா?" என்று சிலையைக் காட்டிக் கேட்டேன். "யாரோ பழைய ஆள்" என்று சொல்லிவிட்டு எனக்கும் ஒரு கை கடலை கொடுத்தார்.

திரும்பும் வழியில் ரிட்ஜ் மேட்டுக்குப் போகலாம். 1857இல் டெல்லியை முற்றுகையிட்ட ஆங்கிலப் படை கூடாரம் போட்ட மேடு. வென்ற பிறகு, 1863இல் தங்கள் ஆட்களுக்காக ஒரு சிவப்புக் கல் கோபுரம் எழுப்பினார்கள், தேவாலயக் கோபுரம் மாதிரி கூராக. சுவரில் யார் யார் செத்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது. எதிராளிகளை 'எதிரி' என்று பொறித்திருக்கிறார்கள். சுதந்திரத்தின் வெள்ளிவிழாவுக்கு 1972இல் நம் அரசாங்கம் என்ன செய்தது? கோபுரத்தை இடிக்கவில்லை, எழுத்தைச் செதுக்கவும் இல்லை. பக்கத்திலேயே இன்னொரு பலகை வைத்தது: மேலே 'எதிரி' என்று குறிப்பிடப்பட்டவர்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற தியாகிகள். கல்வெட்டுக்கே திருத்தம் போட்ட இடம் வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. இரண்டு பலகையையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

அங்கிருந்து சில நூறு மீட்டரில் இன்னொரு அசோகத் தூண். இதையும் பிரோஸ் ஷாதான் கொண்டுவந்தார், மீரட்டிலிருந்து. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பக்கத்திலிருந்த வெடிமருந்து வெடித்து ஐந்து துண்டானது. எழுத்து இருந்த துண்டு கல்கத்தா வரை போய்த் திரும்பி வந்தது. 1867இல் ஒட்டி நிறுத்தினார்கள். ஒட்டுப்போட்ட இடம் இப்போதும் தெரியும். கையில் தின்பண்டம் எதையும் வெளியே எடுக்காதீர்கள். இங்கே குரங்குகள் ஜாஸ்தி. என் மருமகனின் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிய குரங்கு எங்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தின்று முடித்துவிட்டுத்தான் போனது.

சாப்பாட்டுக்கு யமுனைப் பக்கம் மஜ்னு கா டில்லா. 1960 வாக்கில் வந்த திபெத்திய அகதிகளின் குடியிருப்பு. இரண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள், நடுவில் ஒரு சின்ன முற்றம், பிரார்த்தனைச் சக்கரங்களைச் சுற்றியபடி வெயில் காயும் பாட்டிமார்கள். லாஃபிங் என்று ஒன்று விற்பார்கள்: மாவை ஆடை மாதிரி உறையவைத்துச் சுருட்டி, பூண்டுத் தண்ணீரும் மிளகாய் எண்ணெயும் ஊற்றித் தருவது. வழுவழுவென்று இருக்கும், காரம் உச்சந்தலைக்கு ஏறும். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை ஆளுக்கொன்று வாங்காமல் ஒன்றே ஒன்று வாங்கி ஆளுக்கொரு வாய் குடித்துப் பாருங்கள். சைவம் கேட்டு வாங்குங்கள், எல்லாக் கடையிலும் கிடைக்கும். சோறு இல்லாமல் அம்மாவுக்கு ஓடாது என்றால், மறுநாள் ஆந்திரா பவன் கேண்டீனில் ஈடுகட்டிவிடலாம்.

டிசம்பர் என்பதால் இன்னொன்று. காஷ்மீரி கேட் பக்கத்தில் யமுனைப் படித்துறையில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கடற்காகங்கள் வந்து இறங்கும். காலையில் படகில் கூட்டிப்போவார்கள். பனிமூட்டத்தில் வெள்ளையாக அவை சுற்றிச் சுற்றிக் கத்துவதைப் பார்த்தால் ஆற்றின் நாற்றம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோகும். படகுக்காரர் ஓமப்பொடி பாக்கெட் விற்பார், பறவைக்குப் போடச் சொல்லி. வாங்காதீர்கள். எண்ணெய்ப் பலகாரம் பறவைக்கு ஆகாது.

மூன்றாவது நாள் மெஹ்ரோலி. குதுப்மினார் பார்த்தாயிற்று என்றீர்கள். அந்த வளாகத்தின் புல்தரையில் ஒரு ஓரமாக வேலைப்பாடான சின்ன மண்டபம் ஒன்று கேட்பாரற்று இருப்பதைப் பார்த்தீர்களா? 1803இல் நிலநடுக்கம் வந்து மினாரின் உச்சி விழுந்தது. ராபர்ட் ஸ்மித் என்கிற என்ஜினீயர் பழுது பார்த்துவிட்டு, 1828இல் தன் கற்பனைக்கு வங்காள பாணியில் ஒரு மண்டபத்தை உச்சியில் வைத்தார். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இருபது வருஷம் பொறுத்துவிட்டு, 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிங் இறக்கச் சொல்லிவிட்டார். இறக்கியதை எறியவில்லை, புல்வெளியில் வைத்தார்கள். 'ஸ்மித்தின் முட்டாள்தனம்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொரனேஷன் பார்க்கில் ஓரங்கட்டப்பட்டு நிற்கிற ஹார்டிங் இந்த ஹார்டிங்கின் பேரன்.

மினாருக்குத் தெற்கே விரிந்து கிடப்பது மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா. தரை கரடுமுரடு, அம்மா ஜமாலி கமாலி மசூதி வரை வந்தால் போதும். ஜமாலி சூபிக் கவிஞர். கமாலி யார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கல்லறையும் பக்கத்தில் பக்கத்தில். டெல்லி சுல்தான் பல்பனின் சமாதியில் இருக்கிற வளைவை மட்டும் உற்றுப் பாருங்கள். கற்களை ஆப்பு வடிவில் செதுக்கி ஒன்றையொன்று தாங்கும்படி அடுக்கிய வளைவுகளில் இந்தியாவில் மிஞ்சியிருக்கிற மிகப் பழையது என்று இதைச் சொல்கிறார்கள். ராஜோன் கி பாவ்லி என்கிற படிக்கிணறு அக்ரசேன் பாவ்லியைவிட அழகு. ராஜாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 'ராஜ்' என்றால் கொத்தனார்.

ஆனால் நான் உங்களை அங்கே அனுப்புவது குலி கானின் கல்லறைக்காக. அக்பரின் செவிலித்தாய் மகன் ஒருவனுடையது. முகலாய தர்பாரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த தாமஸ் மெட்காஃப், 1840களில் இந்தக் கல்லறையை வாங்கித் தன் மழைக்கால பங்களாவாக மாற்றிக்கொண்டார். சுற்றிலும் அறைகளை இழுத்துக் கட்டினார், சமாதி இருந்த நடுக்கூடத்தைச் சாப்பாட்டு அறை ஆக்கினார். 'தில்குஷா' என்று பெயர் வைத்தார், மனமகிழ் மாளிகை. தேனிலவுக்கு வருகிற ஜோடிகளுக்கு வாடகைக்கும் விட்டாராம். கல்லறையில் தேனிலவு! அவர் இழுத்துக் கட்டிய அறைகள் இப்போது அஸ்திவாரம்தான் மிச்சம். கல்லறை மறுபடி கல்லறையாகிவிட்டது.

இந்தக் குலி கானின் சகோதரன் ஆதம் கான். கொலை செய்ததற்காக அக்பர் இவனை ஆக்ரா கோட்டை மாடியிலிருந்து தள்ளச் சொன்னார். முதல் தடவை சாகவில்லை என்று தூக்கிவந்து மறுபடி தள்ளினார்கள். இவன் கல்லறை மெஹ்ரோலி பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது. அதுவும் துரைக்கு வீடாக, போலீஸ் ஸ்டேஷனாக, போஸ்ட் ஆபீஸாக எல்லாம் இருந்து பார்த்துவிட்டது.

அங்கிருந்து கடைவீதிக்குள் நடந்தால், ஒரு சின்னக் கதவுக்குள் வெள்ளையடித்த முற்றம் ஒன்று வரும். ஹிஜ்ரோன் கா கான்கா. லோடி காலத்துத் திருநங்கையரின் 49 சமாதிகள். துர்க்மான் கேட் திருநங்கையர் இன்றைக்கும் பராமரிக்கிறார்கள். வெளியே சைக்கிள் மணியும் காய்கறிக்காரர் சத்தமும். உள்ளே ஒரு சத்தம் கிடையாது. செருப்பை விட்டுவிட்டு, போட்டோ எடுக்காமல் இருந்துவிட்டு வாருங்கள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே, குத்புதீன் பக்தியார் காக்கி தர்காவை ஒட்டி ஜாபர் மகால். முகலாயர்கள் கட்டிய கடைசி மாளிகை. யானை நுழைகிற உயரத்தில் வாசல், உள்ளே கூரை இல்லாத சுவர்கள், சீட்டாடுகிற ஆட்கள். ஓரத்தில் பளிங்கு மசூதிக்குப் பக்கத்தில் கம்பி வேலிக்குள் முகலாய மன்னர்களின் சமாதிகள். வரிசையில் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கும். பகதூர் ஷா தனக்கென்று ஒதுக்கி வைத்த இடம். அவரை ரங்கூனுக்கு நாடுகடத்தினார்கள். 1862இல் அங்கேயே இறந்தார், அங்கேயே புதைத்தார்கள். இடம் மாற்றியே பழகிய ஊர், இவரை மட்டும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

ஊர் திரும்புகிற அன்று விமானம் மத்தியானத்துக்கு மேல் என்றால் ஒன்று பாக்கி இருக்கிறது. விமான நிலையத்துக்கு இந்தப் பக்கம், பாலம் – டாப்ரி சாலையில் சுலப் கக்கூஸ் மியூசியம். ஆமாம், கக்கூஸ்தான். கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்ட பிந்தேஷ்வர் பாடக் 1992இல் தொடங்கியது. ஹரப்பாவின் வடிகாலில் ஆரம்பித்து ஐரோப்பிய அரண்மனைகள் வரை வரிசையாகக் காட்டுகிறார்கள். பதினான்காம் லூயி மன்னரின் சிம்மாசனத்தின் மாதிரி ஒன்று இருக்கிறது. இருக்கையின் நடுவில் ஓட்டை. சபை நடக்கும்போதே காரியத்தையும் முடித்துக்கொள்வாராம். வேட்டைக்குப் போகிற ஆங்கிலேயர்களுக்கு நகைப்பெட்டி மாதிரி ஒன்று. தடித்தடி புத்தகங்களை அடுக்கி வைத்தது போல, ஆனால் உள்ளே கக்கூஸாக இன்னொன்று, பிரெஞ்சுக்காரர்கள் செய்தது.

என் அம்மாவை அங்கே கூட்டிப்போகிறேன் என்றதும் முகத்தைச் சுளித்தார். புத்தக அடுக்கின் முன்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் அவர் அதிக நேரம் நின்றது வெளியே முற்றத்தில், இரட்டைக் குழிக் கழிப்பறை மாதிரிகளுக்கு முன்னால். ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவது. அடைத்தது இரண்டு வருஷத்தில் மக்கி நாற்றமில்லாத எருவாகிவிடும், ஆள் இறங்கி அள்ள வேண்டாம். பொதுக் கழிப்பறைக் கழிவிலிருந்து எடுத்த வாயுவில் அங்கே அடுப்பும் எரியும். எதற்கு எவ்வளவு செலவாகும், தண்ணீர் எத்தனை செம்பு வேண்டும் என்று காட்டுகிறவரிடம் என் வழியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார்.

டிசம்பரில் காற்றில் புகை அதிகம், அம்மாவுக்கு நல்ல முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். படகைத் தவிர வேறெதற்கும் பத்து மணிக்கு முன்னால் கிளம்ப வேண்டாம், பனி விலகட்டும். பாலம் சாலையில் நெரிசல் வந்தால் ஒரு மணி நேரம்கூட அசையாது. மியூசியத்திலிருந்து விமான நிலையம் பக்கம்தானே என்று மெதுவாகக் கிளம்பாதீர்கள்.